துருக்கிய வினாத் தொடர்களில் செயப்படுபொருள் உருபும் வினைமுற்று ஈறும்: வரலாற்று நோக்கு

துருக்கிய மொழியில் ஒரு கேள்வியைப் பிழையின்றிக் கேட்க இரண்டு செய்திகள் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, செயப்படுபொருளுக்கு உருபு சேர்ப்பதா விடுவதா என்பது. மற்றொன்று, 'மி' என்னும் வினா இடைச்சொல் வினைமுற்றின் எந்த இடத்தில் நிற்கும் என்பது. பாட நூல்கள் இவ்விரண்டையும் விதிகளாகவும் விதிவிலக்குகளாகவும் பட்டியலிட்டுத் தருகின்றன. மாணவர்கள் மனப்பாடம் செய்கின்றனர், பின்னர் மறக்கின்றனர். உண்மையில் விதிவிலக்கு எனப்படுபவற்றுள் பெரும்பாலானவை மொழியின் பழைய நிலை விட்டுச்சென்ற எச்சங்களே. ஏறத்தாழ 1,300 ஆண்டுக் கால எழுத்துச் சான்று இம்மொழிக் குடும்பத்துக்கு இருப்பதால், அந்த எச்சங்களின் தடத்தைப் பின்பற்றிச் செல்ல முடிகிறது.

எடுத்துக்காட்டுகளின் ஒலிப்பு இக்கட்டுரையில் ஏறத்தாழவே தரப்படுகிறது. துருக்கிய மொழியின் எட்டு உயிர்களுள் ஒன்று, புள்ளியில்லாத 'இ' எழுத்தால் குறிக்கப்படுவது, நம் குற்றியலுகரத்துக்கு மிக நெருங்கிய ஒலி. ஐரோப்பிய மாணவர்கள் தடுமாறும் இந்த ஒலி தமிழருக்கு எளிது. ஆனால் அதையும் முற்றுகரத்தையும் இதழ் குவித்துச் சொல்லும் இகரத்தையும் தமிழ் எழுத்தில் 'உ' என்றே எழுத வேண்டியுள்ளது.

இன்றைய வழக்கு

'கிதாப்' என்றால் புத்தகம். 'கிதாப் ஒகுதுன் மு?' என்பது 'புத்தகம் படித்தாயா?' என்னும் பொதுவான கேள்வி. எந்தப் புத்தகம் என்பது கேட்பவருக்கு முக்கியமில்லை. படிக்கும் செயல் நடந்ததா என்பதே கேள்வி. 'கிதாபு ஒகுதுன் மு?' என்றால் 'புத்தகத்தைப் படித்தாயா?' என்று பொருள். இருவருக்கும் தெரிந்த ஒரு குறிப்பிட்ட புத்தகம் அங்கே பேசப்படுகிறது. ஈற்றில் வந்த குற்றியலுகரம் போன்ற ஒலியே இரண்டாம் வேற்றுமை உருபு. அது முன்னுள்ள உயிருக்கு ஏற்ப நான்கு வடிவம் கொள்ளும். சொல் உயிரில் முடிந்தால் இடையே யகரம் தோன்றும்: 'எல்மா' (ஆப்பிள்), 'எல்மாயு' (ஆப்பிளை). யகர உடம்படுமெய் என்று சொன்னால் தமிழ் மாணவருக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

வினாச் சொற்களிலும் இதே வேறுபாடு உண்டு. 'நெ' என்பது 'என்ன'. 'நெ ஒகுதுன்?' என்றால் 'என்ன படித்தாய்?' 'நெயி ஒகுதுன்?' என்றால் 'எதைப் படித்தாய்?' தமிழும் இங்கே வேறு வேறு சொற்களைத் தேர்வது கவனிக்கத்தக்கது. 'யார்' எனப் பொருள்படும் 'கிம்' செயப்படுபொருளாக வரும்போது உருபு கட்டாயம்: 'கிமி கொர்துன்?' (யாரைப் பார்த்தாய்?). 'எது' என ஒரு தொகுதியிலிருந்து பிரித்துக் கேட்கும் 'ஹங்கிஸி' என்ற சொல்லும் உருபு இல்லாமல் செயப்படுபொருளாக வராது. 'ஹங்கிஸினி' என்றே வரும். தொகுதி முன்னரே தெரிந்திருப்பதால் அதிலுள்ள பொருளும் குறிப்பிட்ட பொருளாகிவிடுகிறது.

தமிழோடு ஒத்துப்போவது இதுவரைதான். 'டாக்டரைத் தேடுகிறேன்' என்று தமிழில் சொன்னால், தெரிந்த டாக்டராகவும் இருக்கலாம், யாராவது ஒரு டாக்டராகவும் இருக்கலாம். உயர்திணைப் பெயர் என்பதால் 'ஐ' வந்தே தீரும். துருக்கியத்துக்குத் திணை பற்றிய கவலை இல்லை. யாராவது ஒரு டாக்டர் போதுமானால் 'டாக்டர் தேடுகிறேன்' என்பதுபோல உருபின்றியே சொல்வர். உருபு சேர்த்தால் குறிப்பிட்ட ஒருவரைத் தேடுவதாகப் பொருள்.

உருபு இல்லாத செயப்படுபொருள் வினையை ஒட்டியே நிற்கும் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. உருபு பெற்ற பெயர் தொடரில் இடம் மாறலாம். உருபு பெறாதது பொதுவாக வினையை விட்டு விலகாது. தொடரில் எந்தப் பகுதி வினவப்படுகிறதோ அதனை அடுத்து 'மி' வரும். 'கிதாபு மு ஒகுதுன்?' என்றால் 'புத்தகத்தையா படித்தாய்?' 'ஸென் மி கெல்தின்?' என்றால் 'நீயா வந்தாய்?' தமிழின் ஆகார வினா இடம் மாறுவதுபோலவே இதுவும் மாறுகிறது. இடைச்சொல் எழுவாயை அடுத்து வந்தாலும் வினைமுற்று முன்னிலை ஈற்றையே கொண்டிருக்கும்.

ஓர்கோன் கல்வெட்டுகளில் உருபு

துருக்கிய மொழிக் குடும்பத்தின் மிகப் பழைய நீண்ட எழுத்துச் சான்றுகள் மங்கோலியாவின் ஓர்கோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ளன. கூல் திகின் நினைவுக்கல் பொது ஆண்டு 732-ஐயும், அவருடைய அண்ணன் பில்கே ககானின் நினைவுக்கல் 735-ஐயும் சேர்ந்தவை. உருசியப் பயணி நிக்கொலாய் யாத்ரின்ட்செவ் 1889-இல் இவற்றை அறிவுலகின் பார்வைக்குக் கொண்டுவந்தார். டென்மார்க்கைச் சேர்ந்த வில்ஹெல்ம் தாம்சன் 1893 டிசம்பரில் அவற்றின் எழுத்தைப் படித்துக் காட்டினார்.

அதன் பிறகுதான் இரண்டாம் வேற்றுமை உருபின் பழைய வடிவம் வெளிப்பட்டது. இன்று வெறும் உயிராக உள்ள அந்த உருபு அன்று ககர மெய்யில் முடிந்தது. 'பொதுன்' என்றால் மக்கள். 'பொதுனுக்' என்றால் மக்களை. ஈற்றிலுள்ள ககரத்தை 'அகம்' என்பதில் வருவதுபோல மென்மையாக ஒலிக்க வேண்டும். துருக்கியர், அசர்பைஜானியர், துருக்மேனியர் ஆகியோரின் மொழிகளுக்கு மூலமான ஓகூஸ் கிளையில் இந்த ஈற்று ஒலி தேய்ந்து மறைந்தது. 'பெரிய' என்னும் பொருளுடைய 'உலுக்' இன்றைய துருக்கியத்தில் 'உலு' ஆனதும், மஞ்சள் நிறத்தைக் குறித்த 'ஸருக்' என்பது 'ஸரு' ஆனதும் இதே தேய்வினால்தான்.

மற்றக் கிளைகள் வேறு வழியில் சென்றன. பழைய மொழியில் 'நி' என்பது பிரதிப்பெயர்களுக்கு உரிய உருபு. உஸ்பெக், உய்கூர் போன்ற மொழிகள் அதையே எல்லாப் பெயர்களுக்கும் விரித்துக்கொண்டன. அசர்பைஜான் மொழி நடுவழியில் நிற்கிறது: மெய்யீற்றுச் சொல்லுக்கு வெறும் உயிர், உயிரீற்றுச் சொல்லுக்கு நகரத்தோடு கூடிய உருபு. துருக்கியர் 'எல்மாயு' என்னுமிடத்தில் அசர்பைஜானியர் 'அல்மானு' என்பர்.

உருபு பெற்ற செயப்படுபொருள், உருபு பெறாத செயப்படுபொருள் ஆகிய இரண்டும் ஓர்கோன் கல்வெட்டுகளிலேயே உள்ளன. எனவே உருபை விடுவது பிற்காலச் சோம்பலால் வந்ததன்று.

'எவினி' என்னும் சிக்கல்

மாணவர்களை மிகவும் குழப்பும் இடம் ஒன்று உண்டு. 'எவ்' என்றால் வீடு. 'எவினி கொர்துன் மு?' என்ற கேள்விக்கு 'உன் வீட்டைப் பார்த்தாயா?' என்றும் பொருள். 'அவனுடைய வீட்டைப் பார்த்தாயா?' என்றும் பொருள். 'உன் வீடு' என்பது 'எவின்', அதனோடு உருபு சேர்ந்து 'எவினி'. 'அவன் வீடு' என்பது 'எவி', அதனோடு ஒரு நகரமும் உருபும் சேர்ந்து அதுவும் 'எவினி'. எது என்பதை இடம் நோக்கியே அறிய வேண்டும்.

இக்குழப்பம் பழைய மொழியில் இல்லை. ஓர்கோன் மொழியில் உடைமை ஈறு பெற்ற பெயர்களுக்கு இரண்டாம் வேற்றுமை உருபு நகர மெய்யாக வந்தது. 'என் சொல்லை' என்பதற்குக் கல்வெட்டில் உள்ள வடிவம் 'ஸபிமின்' என்பது போன்றது. பின்னர் அனத்தோலியாவில் வழங்கிய பழைய துருக்கியத்தில் தன்மை, முன்னிலை ஈறுகளுக்குப் பின் பொது உருபு வரத் தொடங்கியது. படர்க்கைக்கு மட்டும் பழைய நகர உருபு நீடித்தது. அக்கால நூல்களில் 'அவன் வீட்டை' என்பது 'எவின்' என்றே வரும். இந்த நகரத்துக்குப் பின் பொது உருபும் சேர்ந்தபோது 'எவினி' பிறந்தது. அதாவது இன்றைய வடிவத்தில் பழைய உருபு ஒன்றும் புதிய உருபு ஒன்றும் அடுக்கி நிற்கின்றன.

அப்போதும் குழப்பம் வரவில்லை. ஏனெனில் முன்னிலை உடைமை ஈறு நகரம் அன்று, ஙகரம். 'உன் வீட்டை' என்பது ஏறத்தாழ 'எவுஙி' என ஒலித்தது. இந்த ஙகரத்தை எழுத உதுமானியர் அரபு எழுத்தின் காஃபைப் பயன்படுத்தினர். அதற்குச் 'செவிட்டுக் காஃப்' என்று பெயர். இஸ்தான்புல் பேச்சில் ஙகரம் நாளடைவில் நகரமாகிவிட்டது. அனத்தோலியாவின் ஊர்ப்புறப் பேச்சுகள் பலவற்றில் அது இன்றும் உயிரோடு உள்ளது. ஆகவே கற்றவரின் தலைநகர்ப் பேச்சில் மயங்கிய பொருள் சிற்றூர்க்காரரின் வாயில் மயங்குவதில்லை.

பேச்சில் மறைந்த வேறுபாட்டை எழுத்து காத்துவந்தது. 1928 நவம்பர் 1 அன்று நிறைவேறிய 1353-ஆம் எண் சட்டம் இலத்தீன் எழுத்துமுறையைக் கொண்டுவந்தது. இஸ்தான்புல் ஒலிப்பை அடிப்படையாகக் கொண்ட புதிய நெடுங்கணக்கில் ஙகரத்துக்கு எழுத்து இல்லை. எனவே கண்ணுக்குத் தெரிந்த வேறுபாடும் போயிற்று.

இதை வைத்து எழுத்து மாற்றத்தைக் குறை கூறுவது நேர்மையாகாது. பழைய எழுத்துமுறை வேறு பல இடங்களில் ஒன்றையும் காட்டாமல் மறைத்தது. 'மி' என்னும் வினா இடைச்சொல் நான்கு விதமாக ஒலித்தாலும், மீம், யே ஆகிய இரண்டு எழுத்துகளால் ஒரே விதமாகவே எழுதப்பட்டது. 'கிதாபு' என்பதில் உள்ள ஈறு இரண்டாம் வேற்றுமை உருபா, 'அவனுடைய புத்தகம்' எனப் பொருள் தரும் உடைமை ஈறா என்பதும் எழுத்தில் தெரியாது. அந்த மயக்கம் இலத்தீன் எழுத்திலும் அப்படியே தொடர்கிறது, ஒலிப்பே ஒன்றாக இருப்பதால். எழுத்து மாற்றத்தால் உயிர்களின் வேறுபாடு தெளிவாயிற்று. ஙகரத்தின் வேறுபாடு மறைந்தது. கணக்குப் பார்த்தால் புதிதாகப் படிப்போருக்கு ஆதாயமே மிகுதி.

வினா இடைச்சொல்லின் இடம்

வினைமுற்றுக்கு வருவோம். தமிழில் 'வந்தாயா?', 'வருகிறாயா?', 'வருவாயா?' என எல்லாக் காலத்துக்கும் ஆகாரம் கடைசியில் வரும். துருக்கியத்தில் இறந்த காலத்துக்குக் 'கெல்தின் மி?' (வந்தாயா?) என்று இடைச்சொல் கடைசியில் வருகிறது. நிகழ்காலத்துக்கோ 'கெலியொர் முஸுன்?' (வருகிறாயா?) என்று இடைச்சொல் நடுவில் புகுந்து, முன்னிலை ஈறு அதன் பின்னால் ஒட்டிக்கொள்கிறது. 'கெலியொர்ஸுன்' (வருகிறாய்) என்பதன் ஈற்றில் 'மு' சேர்த்துக் 'கெலியொர்ஸுன் மு' என்று தமிழ் மாணவர் சொல்வது இயல்பு. ஆனால் திருந்திய துருக்கியத்தில் அது பிழை. எதிர்காலமும் நிகழ்காலம் போன்றதே: 'கெலெஜெக் மிஸின்?' (வருவாயா?).

இதற்கான காரணம் ஈறுகளின் பிறப்பில் உள்ளது. துருக்கிய வினைகளுக்கு இரண்டு வகை ஈறுகள் உண்டு. இறந்த காலத்தோடு வருபவை பெயர்களோடு வரும் உடைமை ஈறுகளை ஒத்தவை. 'எவிம்' (என் வீடு), 'எவின்' (உன் வீடு) என்பவற்றையும் 'கெல்திம்' (வந்தேன்), 'கெல்தின்' (வந்தாய்) என்பவற்றையும் அருகருகே வைத்தால் ஒற்றுமை புலப்படும். இவை தொடக்கத்திலிருந்தே சொல்லோடு பிரிக்க முடியாமல் ஒட்டியவை. தன்மைப் பன்மையில் மட்டும் ஒற்றுமை குலைந்துள்ளது. 'வந்தோம்' என்பதற்குப் பழைய மொழியில் உடைமை ஈற்றை ஒத்த வடிவமே இருந்தது; ஓகூஸ் கிளையில் அதன் இடத்தைக் 'கெல்திக்' பிடித்துக்கொண்டது.

நிகழ்காலத்தோடும் எதிர்காலத்தோடும் வரும் ஈறுகளோ முன்பு தனிச்சொற்கள். பழைய மொழியில் 'நீ வருவாய்' என்பதைக் 'கெலுர் ஸென்' என்பர். 'ஸென்' என்பது 'நீ' என்னும் பிரதிப்பெயரே. கேள்வி கேட்கும்போது இடைச்சொல் வினையை ஒட்டி வரும். பிரதிப்பெயர் அதன் பின் நிற்கும்: 'கெலுர் மு ஸென்?' காலப்போக்கில் பிரதிப்பெயர் தேய்ந்து ஈறாயிற்று. ஆனால் அது நின்ற இடம் மாறவில்லை. 'முஸுன்' என்பதிலுள்ள 'ஸுன்' அந்தப் பழைய 'ஸென்' தான். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் தனித்து நின்ற சொல்லின் இடத்தை இன்றைய வினா வாக்கியம் காத்து வைத்திருக்கிறது.

படர்க்கைப் பன்மை இதற்கு நல்ல சோதனை. 'கெலியொர்லார்' (வருகிறார்கள்) என்பதன் ஈறு பிரதிப்பெயரிலிருந்து வந்ததன்று. அது 'கள்' போன்ற வெறும் பன்மை விகுதி. அப்படியானால் இடைச்சொல் அதற்கு முன் வரக் காரணமில்லை. உண்மையில் 'கெலியொர்லார் மு?' என்றுதான் சொல்கிறார்கள். பாட நூல் இதனை 'விதிவிலக்கு' என்கிறது. வரலாற்றின்படி பார்த்தால் விதி மீறப்படவே இல்லை.

மற்றொரு சான்று பெயர்ப் பயனிலையில் கிடைக்கிறது. 'ஒய்ரெத்மெனிம்' என்ற ஒரு சொல்லுக்கு 'என் ஆசிரியர்' என்றும் 'நான் ஆசிரியர்' என்றும் இரு பொருள். முதலாவதில் அழுத்தம் கடைசி அசையில் விழும். இரண்டாவதில் அதற்கு முந்தைய அசையில் விழும். எழுத்தில் வேறுபாடு இல்லை. கேள்வியாக்கினால் இரண்டும் பிரிந்துவிடும். 'ஒய்ரெத்மெனிம் மி?' என்றால் 'என் ஆசிரியரா?' 'ஒய்ரெத்மென் மியிம்?' என்றால் 'நான் ஆசிரியரா?' உடைமை ஈறு சொல்லை விட்டுப் பிரியவில்லை. முன்பு பிரதிப்பெயராக இருந்த ஈறு பிரிந்து இடைச்சொல்லுக்குப் பின்னால் போய்விட்டது. வகுப்பில் இந்த ஒரு சொல்லைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினாலே இரு வகை ஈறுகளின் வேறுபாடு பிடிபட்டுவிடும்.

உடன்பிறந்த மொழிகள் எல்லாம் இந்தப் பழைய ஒழுங்கைக் காக்கவில்லை. அசர்பைஜான் மொழியில் 'வருகிறாயா?' என்பது 'கெலிர்ஸென்மி?' உஸ்பெக் மொழியில் 'கெலஸன்மி?' இரண்டிலும் இடைச்சொல் தமிழின் ஆகாரம்போலக் கடைசிக்கு வந்துவிட்டது. பிரதிப்பெயர் முழுமையாக ஈறாகிவிட்டது என்று அம்மொழியினரின் காது ஏற்றுக்கொண்டதன் விளைவு இது.

இடைச்சொல்லின் உயிரும் மாறி வந்துள்ளது. பழந்துருக்கியத்தில் அது இதழ் குவிந்த உயிருடன் 'மு' என்றே வந்தது. அனத்தோலியாவின் பழைய துருக்கியத்தில் இதழ் குவியாத உயிருக்கு மாறியது. முன்னுள்ள உயிரோடு ஒத்திசைந்து நான்கு வடிவமாகியது அதன் பிறகே.

எழுவாய்க்கும் வினைக்கும் இடையிலான எண் இயைபு பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. 'கிம் கெல்தி?' (யார் வந்தது?) என்பதில் வினை படர்க்கை ஒருமை. அஃறிணைப் பன்மை எழுவாய்க்கும் பொதுவாக ஒருமை வினையே வரும். நம் பேச்சில் 'புத்தகங்கள் வந்தது' என்பதைப் போல. எண்ணுப்பெயருக்கும் 'எத்தனை' என்னும் சொல்லுக்கும் பின் பெயரும் ஒருமையிலேயே நிற்கும்.

இலக்கண ஆசிரியர்கள்

மேற்குத் துருக்கியத்துக்கு அம்மொழியிலேயே எழுதப்பட்ட முதல் இலக்கணம், பெர்காமாவைச் சேர்ந்த காத்ரி 1530-இல் இயற்றிய 'முயெஸ்ஸிரெத்துல் உலூம்'. அது அரபு இலக்கண மரபைப் பின்பற்றியது. அச்சில் வந்த முதல் துருக்கிய இலக்கணம் ஹியரோனிமஸ் மெகிசர் 1612-இல் லைப்சிக் நகரில் வெளியிட்டது. அது இலத்தீன் மரபைச் சார்ந்தது. அரபும் இலத்தீனும் செயப்படுபொருளுக்கு வேற்றுமை வடிவம் தந்தே தீரும் மொழிகள். அந்தச் சட்டங்களுக்குள் உருபில்லாத செயப்படுபொருளை வைக்க வசதியான இடம் இல்லை.

தமிழ் மரபிலக்கணத்தில் அந்த இடம் உண்டு. 'பால் குடித்தான்' என்பதை இரண்டாம் வேற்றுமைத் தொகை என்று பள்ளி மாணவரும் சொல்வர். ஆனாலும் தொகை என்ற கருத்து முழுப் பொருத்தமன்று. தொகையில் உருபு மறைந்திருப்பதாகக் கொள்கிறோம். விரித்தாலும் பொருள் அதுவே. துருக்கியத்தில் உருபை விரித்தால் பொருள் மாறிவிடும். அங்கே உருபு இல்லாமையும் ஒரு பொருளைச் சொல்கிறது. துருக்கிய மொழியியலாளர் முர்வெத் எஞ்ச் 1991-இல் வெளியிட்ட கட்டுரை, இவ்வுருபு காட்டுவது பொருளின் 'குறிப்பிட்ட தன்மையை' என்று நிறுவியது. கேட்பவர் அறியாத பொருளானாலும் பேசுபவர் மனத்தில் குறிப்பிட்ட ஒன்று இருந்தால் 'ஒரு' என்ற சொல்லோடுகூட உருபு வரலாம் என்பதை அவர் விளக்கினார்.

இடைச்சொல்லை எழுதும் முறையில் முஸ்தபா கெமாலே நேரில் தலையிட்டார். புதிய எழுத்தின் முதல் வரைவுகளில் இத்தகைய சொற்களுக்கு முன் சிறு இணைப்புக்கோடு இடப்பட்டது. 1928 செப்டம்பரில் அவர் அந்தக் கோட்டை நீக்கச் செய்து, வினா இடைச்சொல்லைத் தனியே எழுதவும் அதன் பின்வரும் ஈறுகளை அதனோடு சேர்த்து எழுதவும் வழிசெய்தார். இன்றும் அதுவே விதி. முந்தைய சொல்லோடு ஒட்டி எழுதுவது துருக்கியரே மிகுதியாகச் செய்யும் எழுத்துப் பிழைகளுள் ஒன்று. நம் மாணவர்கள் வல்லெழுத்து மிகும் இடத்தில் தவறுவதைப் போல.

தமிழோடு உறவா?

இவ்வளவு ஒற்றுமைகளைக் கண்டவர்கள் தமிழும் துருக்கியமும் ஒரே குடும்பம் என்று எண்ணுவது புதிதன்று. 1856-இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல், துருக்கியம் முதலிய மொழிகளைச் 'சித்திய' மொழிகள் எனத் தொகுத்துத் திராவிட மொழிகளை அவற்றோடு உறவுபடுத்தினார். அக்கருத்து இன்று மொழியியலாளரிடையே ஏற்புடையதாக இல்லை. துருக்கிய உருபு இன்று ஓர் உயிர், நம் 'ஐ'யும் ஓர் உயிர் என்று ஒப்பிடத் தோன்றலாம். ஆனால் ஓர்கோன் கல்வெட்டு அந்த உயிருக்குப் பின் ஒரு ககரம் இருந்ததைக் காட்டிவிட்டது. கால்டுவெல் 1891-இல் மறைந்தார். தாம்சன் அக்கல்வெட்டைப் படித்தது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து. அவர் கையில் இல்லாத சான்று நம் கையில் உள்ளது. ஆதலால் இன்று இணையத்தில் அவ்வொப்பீட்டை அப்படியே எடுத்தாள்வதற்கு நியாயம் இல்லை.

செயப்படுபொருளுக்குச் சில இடங்களில் மட்டும் உருபு தருவது பாரசீகம், இந்தி, எபிரேயம், ஸ்பானியம் ஆகிய மொழிகளிலும் உண்டு. இதற்குப் பொதுப்பெயர் இட்டு 1980-களில் விரிவாக ஆராய்ந்தவர் கியார்க் பொசொங் என்னும் செருமானிய மொழியியலாளர். வினை இறுதியில் நின்று, ஈறுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டும் மொழிகளில் வினா இடைச்சொல்லும் ஒட்டி வருவது வியப்பன்று. இந்த ஒற்றுமை உறவைக் காட்டாவிட்டாலும் துருக்கியம் கற்கும் தமிழருக்குப் பயன்படவே செய்கிறது: 'புத்தகமா படித்தாய்?', 'புத்தகத்தையா படித்தாய்?', 'நீயா படித்தாய்?' ஆகிய மூன்றையும் பிரித்தறியும் ஒருவருக்கு அம்மொழியின் வினாத் தொடர்களில் புதிதாகக் கற்க எஞ்சுவது, நிகழ்காலத்திலும் எதிர்காலத்திலும் இடைச்சொல்லுக்குப் பின்னால் போய் நிற்கும் அந்தப் பழைய பிரதிப்பெயர் மட்டுமே.